ஹெல்ஸின்கியில் மூன்று கொடிகள்

ஒலிம்பிக் பந்தயங்களைப் பற்றிப் பேச்சு எழும்போது நாம் பெரும்பாலும் ஓட்டப் பந்தயத்தையும் ஹாக்கியையுமே நினைவுகூர்கிறோம். குளத்தில் நடைபெறும் நீச்சற் போட்டிகளுள் மிக நீண்டதாகிய 1500 மீட்டர் பிரீ ஸ்டைல் பந்தயத்தை நினைப்பவர் மிகச் சிலரே. பார்வைக்கு அதில் பரபரப்புக் குறைவுதான். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் எட்டுப் பேர் இக்கரைக்கும் அக்கரைக்குமாக 30 தடவை நீந்துகிறார்கள்; 29 தடவை சுவரைத் தொட்டுத் திரும்புகிறார்கள். நீந்துபவருக்கே கணக்குத் தவறிவிடக்கூடும் என்பதனால் திருப்பத்தில் எண் பொறித்த அட்டையைக் காட்டுவதுண்டு. முதலில் வருபவருக்கு இரண்டு நீளங்களே எஞ்சியிருக்கும் தறுவாயில் மணி அடிக்கிறார்கள். அந்த மணியோசை கேட்ட பிறகே பார்வையாளர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆயினும் இப்பந்தயத்தின் வரலாற்றில், பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடியேறி வாழும் நம் போன்ற குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு ஃபின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்ஸின்கியில் நடந்த ஒலிம்பிக் விழாவில், ஆடவர் 1500 மீட்டர் போட்டியில் முதலிடம் பெற்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபோர்டு கொன்னோ. இரண்டாம் இடம் பெற்றவர் ஜப்பானைச் சேர்ந்த ஷிரோ ஹாஷிஸூமே. மூன்றாம் இடம் பெற்றவர் பிரேஸிலைச் சேர்ந்த டெட்ஸுவோ ஒகமோட்டோ. மேடைக்கு மேலே ஏறிய கொடிகள் மூன்று. மேடையில் நின்ற மூவரோ ஒரே வம்சத்தவர். மூவருடைய முன்னோரும் ஜப்பானியரே. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

அழைக்கப்படாதவர்கள்

நெடுந்தூர நீச்சலில் ஜப்பானியர் புகழ் பெற்றது 1932-ஆம் ஆண்டில். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் குஸுவோ கிடமுரா என்ற 14 வயதுச் சிறுவன் 1500 மீட்டரை 19 நிமிஷம் 12.4 வினாடியில் நீந்தித் தங்கப் பதக்கம் பெற்றான். அடுத்து 1936-இல் பெர்லினில் நோபுரு டெராடா என்பவர் அப்பரிசைத் தம் நாட்டிற்கே தக்கவைத்தார். பிறகு யுத்தம் வந்தது. 1940-ஆம் ஆண்டிலும் 1944-ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் விழா நடைபெறவில்லை. 1948-இல் லண்டனில் மீண்டும் விழா கூடியபோது, யுத்தத்தில் தோற்ற ஜப்பானுக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை.

அக்காலத்தில் டோக்கியோவில் ஹிரோனோஷின் ஃபுருஹாஷி என்ற மாணவர் ஒருவர் இருந்தார். யுத்த காலத்தில் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டபோது இயந்திரத்தில் சிக்கி இடக்கை நடுவிரலின் நுனியை இழந்தவர் அவர். நீச்சற்காரருக்குக் கைவிரல் துடுப்புப் போன்றது. அந்தக் குறையோடேயே அவர் நீந்தினார். லண்டனில் ஒலிம்பிக் நீச்சல் நடந்த அதே நாட்களில் ஜப்பானியர் டோக்கியோவில் தங்கள் தேசியப் போட்டியை வைத்துக்கொண்டனர். அதில் ஃபுருஹாஷி 1500 மீட்டரை 18 நிமிஷம் 37 வினாடியில் முடித்தார். லண்டனில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜேம்ஸ் மக்லேன் எடுத்துக்கொண்ட நேரம் 19 நிமிஷம் 18.5 வினாடி. இருவரும் ஒரே குளத்தில் நீந்தியிருந்தால் ஃபுருஹாஷி ஒரு குளத்தின் நீளத்திற்கு மேல் முன்னே சென்றிருப்பார் என்று கணக்குப் பார்த்தால் விளங்கும். ஆனால் ஜப்பான் அப்போது சர்வதேச நீச்சற் சங்கத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தமையால், அந்த நேரம் உலகச் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீடு

மறு ஆண்டு, 1949-இல், தடை நீங்கியது. ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கத் தேசிய நீச்சற் போட்டியில் கலந்துகொள்ள ஃபுருஹாஷியும் தோழர்களும் லாஸ் ஏஞ்சலிஸ் சென்றனர். யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜப்பானியர் என்றால் முகம் சுளிக்கும் காலம் அது. ஹோட்டலில் இடம் கிடைப்பதே அரிதாயிருந்தது. அப்போது அந்நகரத்தில் காய்கறி, கனி வியாபாரம் செய்துவந்த ஃப்ரெட் வாடா என்பவர் நீச்சல் வீரர்களைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று தங்க வைத்து உணவளித்தார்.

வாடா அமெரிக்காவிலேயே பிறந்தவர். ஜப்பானியக் குடியேறிகளின் மகன். யுத்த காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவரை, அந்நாட்டுப் பிரஜைகள் என்றும் பாராமல், அரசாங்கம் முகாம்களில் அடைத்து வைத்தது. வாடா அதற்கு முன்பே ஒரு கூட்டத்தாரை அழைத்துக்கொண்டு யூட்டா மாகாணத்திற்குச் சென்று பயிர்த்தொழில் செய்து பிழைத்தார். அவ்வளவு துன்பத்திற்குப் பிறகும் தாம் குடியிருக்கும் நாட்டை அவர் வெறுக்கவில்லை. முன்னோர் நாட்டிலிருந்து வந்த இளைஞர்களைக் கைவிடவுமில்லை.

அந்த வீட்டுச் சோற்றை உண்டு குளத்தில் இறங்கிய ஃபுருஹாஷி 1500 மீட்டரை 18 நிமிஷம் 19 வினாடியில் நீந்தி உலகச் சாதனை ஏற்படுத்தினார். இம்முறை எவரும் அதை மறுக்க முடியவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளே அவரைப் ‘பறக்கும் மீன்’ என்று புகழ்ந்தன. முந்திய நாள் வரையில் தெருவில் தலைகுனிந்து நடந்த குடியேறிகளுக்கு அச்செய்தி எத்தகைய ஆறுதலை அளித்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இதே வாடா பிற்காலத்தில், 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை டோக்கியோவில் நடத்துவதற்கு ஆதரவு திரட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கெல்லாம் சென்று வந்தார்.

காப்பித் தோட்டத்து நாட்டில்

ஜப்பானியர் பிரேஸிலுக்குக் கூட்டமாகச் சென்றது 1908-ஆம் ஆண்டு முதல். அவ்வாண்டில் ‘கஸாட்டோ மாரு’ என்ற கப்பல் 781 பேரை ஏற்றிக்கொண்டு ஸாண்டோஸ் துறைமுகத்தை அடைந்தது. ஸாவோ பாவுலோ மாகாணத்துக் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யவே அவர்கள் சென்றார்கள். நம்மவர் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவிற்கும் கப்பலேறிய கதையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அந்த மாகாணத்து மரீலியா என்னும் ஊரில் 1932-இல் பிறந்தவர் டெட்ஸுவோ ஒகமோட்டோ. சிறு வயதில் ஆஸ்துமா நோயால் வருந்திய பிள்ளைக்கு நீச்சல் நல்லது என்று பெற்றோர் குளத்திற்கு அனுப்பினர். அவருடைய பள்ளிப் பருவத்தில் பிரேஸிலும் ஜப்பானும் எதிரெதிர்க் கட்சிகளில் நின்றன. ஜப்பானிய மொழிப் பத்திரிகைகள் மூடப்பட்டன. பொது இடத்தில் அம்மொழியைப் பேசுவதும் தடை செய்யப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னர் இன்னும் பெரிய கேடு விளைந்தது. ஜப்பான் தோற்கவில்லை என்று நம்பியவர்களும், தோல்வியை ஒப்புக்கொண்டவர்களும் இரு பிரிவாகி, ஒரே சமூகத்தவர் ஒருவரை ஒருவர் கொலை செய்யும் நிலைக்குப் போயினர். தாய்நாட்டைப் பற்றிய மெய்ச் செய்தி வந்து சேராத குடியேறிகளின் பரிதாபம் அது.

இந்தப் புண் ஆறாதிருந்த 1950-ஆம் ஆண்டில், ஃபுருஹாஷி, ஹாஷிஸூமே முதலியோர் அடங்கிய ஜப்பானிய நீச்சற் குழு பிரேஸிலுக்கு வந்தது. ஒகமோட்டோவுக்கு அப்போது வயது 18. உலகத்தின் மிகச் சிறந்த நெடுந்தூர நீச்சற்காரர்கள் நீந்துவதை அவர் நேரில் கண்டார். அவர்களுடைய பயிற்சி முறையை அறிந்து, தம் பயிற்சியின் அளவை மிகவும் பெருக்கினார். பலன் விரைவில் தெரிந்தது. 1951-இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் நடந்த முதலாவது பான் அமெரிக்க விளையாட்டு விழாவில் 400 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டு போட்டிகளிலும் தங்கம் வென்றார். வென்றது பிரேஸிலுக்காக.

இங்கே விதியின் விளையாட்டு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஒகமோட்டோவின் உள்ளத்தில் விளக்கேற்றிய அதே தென் அமெரிக்கப் பயணத்தில்தான் ஃபுருஹாஷிக்குக் கடுமையான சீதபேதி கண்டது. அதன் பிறகு அவருடைய பழைய வலிமை திரும்பவில்லை.

கரும்புத் தோட்டத்துக் கால்வாய்

ஹவாய்த் தீவுகளுக்கு ஜப்பானியக் கூலியாட்கள் ஒப்பந்தத்தின் பேரில் சென்றது 1885 முதல். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது கரும்புத் தோட்ட வேலை. மாவி என்ற தீவில் பூனேனே என்னும் தோட்டத்தில் ஸோயிச்சி ஸகமோட்டோ என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் தாமே சிறந்த நீச்சற்காரர் அல்லர். ஆயினும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் கரும்புக்கு நீர் பாயும் கால்வாயில் குதித்து விளையாடுவதைக் கண்டு, அதனையே பயிற்சிக்களமாக்கினார். ஓடும் நீரை எதிர்த்து மேல்நோக்கி நீந்தச் சொன்னார். 1937-இல், மூன்று ஆண்டுகளுக்குள் ஒலிம்பிக் வீரர்களாக வேண்டும் என்ற குறிக்கோளோடு அப்பிள்ளைகளுக்கு ஒரு கழகத்தையும் தொடங்கினார். 1940-ஆம் ஆண்டு விழா நடைபெறாமையால் அந்தக் குறிக்கோள் அப்போது கைகூடவில்லை. எனினும் அக்கழகத்தின் பிள்ளைகள் அமெரிக்க நாட்டுப் போட்டிகளில் பெரும் பெயர் பெற்று, ஹவாய் என்றாலே நீச்சல் என்ற எண்ணத்தை வளர்த்தார்கள்.

ஃபோர்டு கொன்னோ அந்தக் கால்வாய்ப் பிள்ளைகளுள் ஒருவர் அல்லர்; ஹொனலூலு நகரத்தில் 1933-இல் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். அவருக்கு எட்டு வயதாக இருக்கையில், அவ்வூரை அடுத்த பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. முன்னோர் நாட்டு விமானங்கள் பிறந்த ஊர் மீது குண்டு வீசுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, ‘நீ எந்த நாட்டவன்?’ என்ற கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு ஹெல்ஸின்கிக் குளத்தில் அதற்கு விடை கிடைத்தது.

அந்த 18 நிமிஷங்கள்

முதற் சுற்றில் ஹாஷிஸூமே 18 நிமிஷம் 34 வினாடியில் நீந்தி ஒலிம்பிக் சாதனை ஏற்படுத்தினார். ஆகவே முடிவுப் போட்டியில் அவர் மீதே பலருடைய கண்ணும் இருந்தது. 1500 மீட்டர் பந்தயம் வேகத்தைக் காட்டிலும் நிதானத்தைச் சோதிப்பது. ஆரம்பத்தில் துள்ளிப் பாய்பவர் ஆயிரம் மீட்டருக்குப் பின் தளர்ந்துபோவார். ஒவ்வொரு நூறு மீட்டரையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கடக்க வல்லவருக்கே இறுதியில் பலம் மிஞ்சும். நெடுந்தூர வண்டியைக் குறித்த நேரத்தில் கொண்டுசேர்க்கும் டிரைவர் எல்லா ஸ்டேஷன்களுக்கும் கணக்காக வருகிறாரே, அதைப் போன்றது இது.

கொன்னோ ஏறத்தாழ 18 நிமிஷம் 30 வினாடியில் முடித்தார். நூறு மீட்டருக்குச் சராசரி 74 வினாடி. அவருக்குப் பின் ஹாஷிஸூமே 18 நிமிஷம் 41.4 வினாடியில் வந்தார். மூன்றாம் இடத்திற்குத்தான் கடும் போட்டி. லண்டனில் தங்கம் வென்ற மக்லேனும் ஒகமோட்டோவும் சேர்ந்தாற்போல் சுவரைத் தொட்டனர். ஒகமோட்டோ 18 நிமிஷம் 51.3 வினாடி, மக்லேன் 51.5 வினாடி. 1500 மீட்டர் நீந்தி, ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கால் பெற்ற வெண்கலம் அது. ஒலிம்பிக் நீச்சலில் பிரேஸில் நாடு பெற்ற முதற் பதக்கமும் அதுவே. பொது இடத்தில் தாய்மொழி பேசத் தடை விதித்த நாட்டிற்கு, தடைக்குள்ளான வீட்டுப் பிள்ளை அதனைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஃபுருஹாஷி இந்தப் பந்தயத்தின் முடிவுப் போட்டியில் இல்லை. 400 மீட்டரில் மட்டும் இறுதிச் சுற்றை எட்டி, எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தார். ‘ஃபுருஹாஷியைக் குறை கூறாதீர்கள்’ என்று ஜப்பானிய வானொலி அறிவிப்பாளர் தம் நாட்டாரை வேண்டிக்கொண்டாராம். அந்தப் போட்டியில் அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. ஆனால் அவரைப் பார்த்து அவருடைய முறையைக் கற்ற ஒகமோட்டோ மேடையில் நின்றார். அவரோடு பல ஆண்டுகள் போட்டியிட்டு வளர்ந்த ஹாஷிஸூமேயும் நின்றார். பதக்கப் பட்டியலில் ஏறாத பெருமை இது. பிற்காலத்தில் ஃபுருஹாஷி ஜப்பானிய ஒலிம்பிக் குழுவின் தலைவராக விளங்கி, 2009-இல் ரோமாபுரியில் உலக நீச்சற் போட்டிகள் நடந்துகொண்டிருந்த வேளையில் அங்கேயே காலமானார்.

முகாமில் நீந்தக் கற்றவர்

குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இப்பந்தயத்தில் புகழ் பெற்றது அந்த ஒரு முறை மட்டுமன்று. ஜான் கான்ராட்ஸ் என்பவர் 1942-இல் லாட்வியா நாட்டின் ரீகா நகரில் பிறந்தவர். யுத்தத்திற்கு அஞ்சிக் குடும்பம் 1944-இல் ஜெர்மனிக்கு ஓடிற்று. அங்கே குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. 1949-இல் குடும்பம் ஆஸ்திரேலியாவை அடைந்து, யுரான்குவிண்டி என்ற இடத்தில் குடியேறிகளுக்கென்று அமைத்த முகாமில் தங்கிற்று. அந்த முகாமின் குளத்திலேதான் ஜான் நீந்தக் கற்றான். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 17 நிமிஷம் 19.6 வினாடியில் நீந்தித் தங்கம் வென்றான். அவனுடைய தங்கை இல்ஸாவும் நீச்சலில் உலகச் சாதனைகள் புரிந்தவள்.

ரோமாபுரியில் இரண்டாம் இடம் பெற்றவர் முர்ரே ரோஸ். அவரும் ஆஸ்திரேலியாவிற்காக நீந்தியவர். அவரும் பிரிட்டனில் பிறந்து குழந்தைப் பருவத்தில் அந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டவரே. 1956-இல் மெல்போர்னில் இதே பந்தயத்தில் தங்கம் வென்றபோது, இரண்டாவதாக வந்த ஜப்பானியர் யமனாக்காவை அவர் குளத்திலேயே தழுவிக்கொண்டார். யுத்தப் பகை மறைந்ததற்கு அடையாளமாக அந்தப் படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

இன்று இந்தப் பந்தயம் எவ்வளவோ விரைந்துவிட்டது. கண்ணுக்குக் கண்ணாடி, அலையை அடக்கும் கயிறுகள், சுவரருகே குட்டிக்கரணமிட்டுத் திரும்பும் முறை, ஆண்டு முழுவதும் பயிற்சி எனப் பல காரணங்கள். 2024-இல் பாரிஸ் நகரில் அமெரிக்கர் பாபி ஃபிங்க் 14 நிமிஷம் 30.67 வினாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தார். 1952-ஆம் ஆண்டுக் கொன்னோ பக்கத்தில் நீந்தியிருந்தால், ஃபிங்க் சுவரைத் தொடும்போது அவருக்கு இன்னும் 300 மீட்டருக்கு மேல் எஞ்சியிருக்கும். பெண்களுக்கும் 2021-இல் நடந்த டோக்கியோ விழாவிலிருந்து ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் போட்டி உண்டு. இத்தனை முன்னேற்றத்திற்கும் நடுவே ஹெல்ஸின்கியின் அந்த மூவர் மறக்கத் தக்கவர் அல்லர்.

நமக்கு என்ன?

மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் தென் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்துவருகிறது. பிள்ளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு கலந்து அவர்கள் மொழியிலேயே சிரித்துப் பேசினால், ‘நம்முடையது போய்விடுமே’ என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். வேறு சில வீடுகளிலோ, இவ்வூரில் முன்னேறவேண்டுமானால் தமிழ் எதற்கு என்று அதனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரு திறத்தாரும் பிள்ளையிடம் கேட்பது ஒன்றே: இதுவா, அதுவா, சொல். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதாகப் பிள்ளையைப் பழிப்பதும் உண்டு.

ஒகமோட்டோவின் வாழ்க்கை இவ்வழக்கிற்கு வேறொரு தீர்ப்பைச் சொல்கிறது. நீந்தும் கலையின் நுட்பத்தை அவர் முன்னோர் நாட்டிலிருந்து வந்தவர்களிடம் பெற்றார். அந்தக் கலையினால் வந்த பதக்கத்தைத் தாம் பிறந்த நாட்டிற்குத் தந்தார். இரண்டில் ஒன்றை அவர் விட்டிருந்தால் மற்றொன்றும் இருந்திராது. லாஸ் ஏஞ்சலிஸ் வாடாவும் அத்தகையவரே. விருந்தினருக்கு வீட்டைத் திறந்துவிட்டதனால் அவருடைய அமெரிக்கப் பற்றில் ஒரு துளியும் குறையவில்லை.

சங்கங்கள் செய்யத் தக்க காரியங்களும் இதிலிருந்து தெரிகின்றன. தாய்நாட்டிலிருந்து சிறந்த வித்வானோ விளையாட்டு வீரரோ இந்நகரத்திற்கு வரும்போது, மாலை சூட்டி மேடையில் உட்கார வைத்து அனுப்பிவிடுவதோடு நில்லாமல், நம் பிள்ளைகள் அவரிடம் ஒரு மணி நேரமாவது பாடம் கேட்கும்படி செய்யலாம். ஒகமோட்டோவுக்கு உதவியது வரவேற்புப் பத்திரம் அன்று; பயிற்சி முறை. அவ்வாறே இந்நகரத்தின் குளங்களுக்கும் மைதானங்களுக்கும் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்பலாம். நீந்தக் கற்றுத்தரும் ஆசிரியர் மராத்தியில் அதட்டினால் என்ன, வங்காளியில் அதட்டினால் என்ன? தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒருநாள் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் மகாராஷ்டிரத்திற்காகவோ வங்காளத்திற்காகவோ ஒரு தேசியப் போட்டியில் குளத்தில் இறங்கக்கூடும். எதிர்ப் பாதையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளையே இறங்கவும் கூடும். அன்றைக்கு யாருக்காகக் கை தட்டுவது என்று நாம் திகைக்க வேண்டியதில்லை. முதலில் நம் ஊர்ப் பிள்ளைக்காகத் தட்டுவோம். பந்தயம் முடிந்த பின் இருவரையும் அழைத்து வந்து வீட்டில் இலை போட்டு உட்கார வைப்போம்.